எல்லா ரோஜாவும் ஜாடிக்குள் போகாது

தேவகோட்டையிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"தை மாதம் பேத்திக்குக் கலியாணம். கடைப் பன்னீரும் கடைக் குல்கந்தும் வேண்டாம், இரண்டையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்காக நர்சரியில் ரோஜாச் செடிகளாகப் பார்த்து வாங்கினேன். பன்னீர் ரோஜா இரண்டு, சிவப்பு ஒட்டு ரோஜா ஒன்று, பாலைவன ரோஜா ஒன்று, ஒரு தட்டு நிறைய டேபிள் ரோஸ். பூ போதாவிட்டால் சேர்த்துக்கொள்ள நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த பன்னீர்ப்பூ கால் கிலோவும் வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாம் ரோஜாதானே, கலந்து குல்கந்து போடலாமா? அந்தப் பன்னீர்ப்பூவை ஊறவைத்துக் குடித்தால் சர்க்கரைக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னார். என் வீட்டுக்காரர் மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்கும் கொடுக்கலாமா? இன்னொரு சந்தேகம். என் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த பெட்டகத்தை ரோஸ்வுட் என்கிறான் சிங்கப்பூர்ப் பேரன். ரோஜாச் செடியில் பெட்டகம் செய்யும் அளவுக்கு மரம் ஏது? மோந்து பார்த்தால் கற்பூர வாடைதான் வருகிறது."

ஆச்சி, முதலில் அந்த நாட்டு மருந்துப் பொட்டலத்தைச் சமையல்கட்டிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

நீங்கள் வாங்கியது ரோஜா இல்லை. பூவும் இல்லை, உலர்ந்த காய். ஒன்றைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே சிறு விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இது கத்தரிக் குடும்பத்துச் செடி. நமக்குத் தெரிந்த அமுக்கராவுக்கு உடன்பிறப்பு. வடமேற்கு இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் அதற்கு அப்பாலும் விளைகிறது. அந்தப் பக்கத்தில் இந்தக் காயை இட்டுப் பாலைத் திரியவைத்துப் பாலாடைக்கட்டி செய்வார்கள். அதனால் இந்தியில் 'பனீர்' என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் தெற்கே வந்து நம் பன்னீரோடு கலந்துவிட்டது. கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை, அவர் கடையில் அதற்கு அதுதான் பெயர். ஆனால் குல்கந்து ஜாடியில் இதைப் போட்டால் கசந்து, ஜாடியோடு கொட்ட வேண்டியதுதான்.

ஐயாவுக்குக் கொடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் தோட்டக்கலைக்காரன், வைத்தியன் அல்லன். இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் காய்க்கு ரத்தச் சர்க்கரையை இறக்கும் குணம் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஏற்கெனவே மாத்திரை இறக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மேல் இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். "பன்னீர்ப்பூ" என்று வாயால் மட்டும் சொன்னால் அவரும் ரோஜா என்றே எண்ணிக்கொண்டு தலையாட்டிவிடக் கூடும்.

அடுத்தது பாலைவன ரோஜா. குண்டான அடித்தண்டும் எக்காளம் போன்ற ரோஸ் நிறப் பூவுமாக அழகாகத்தான் இருக்கும். ஆப்பிரிக்காவும் அரேபியாவும் அதன் சொந்த மண். செட்டிநாட்டு வெயிலுக்கு அதைப் போல ஒத்துப்போகிற தொட்டிச் செடி குறைவு. நான்கு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் முகம் சுளிக்காது. ஆனால் இது அரளிக் குடும்பம். கிள்ளினால் வரும் பாலில் இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவ இந்தச் சாற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதன் ஓர் இதழ்கூட உங்கள் ஜாடிக்குள் போகக் கூடாது. கலியாண வீட்டில் சின்னப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். செடியை முகப்பில் வைக்காமல் மாடியில் கை எட்டாத இடத்தில் வையுங்கள். கவாத்து செய்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய துண்டுகளை ஆடு மாடு மேயும் இடத்தில் வீசாதீர்கள்.

டேபிள் ரோஸ் என்பது நம்மூரில் பத்துமணிப்பூ என்று வழங்குவது. தென் அமெரிக்காச் செடி, நம் பருப்புக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். பயமில்லை, வாசனையும் இல்லை. தட்டோடு வெயிலில் வைத்து ரசியுங்கள்.

இத்தனைக்கும் நர்சரிக்காரரைத் திட்டாதீர்கள். ரோஜா என்ற பெயரை உலகமே இப்படித்தான் கண்ட இடத்தில் சூட்டியிருக்கிறது. சிலவற்றுக்கு மணத்தால் வந்தது, சிலவற்றுக்கு நிறத்தால், சிலவற்றுக்கு வடிவத்தால். நிறத்தால் வந்ததற்கு வெகுதூரம் போக வேண்டாம். நாம் "ரோஸ் கலர் சேலை" என்று சொல்லும்போது செடியை நினைப்பதே இல்லை. நித்தியகல்யாணியின் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ரோசியஸ்' என்பதும் அந்த நிறத்தைத்தான் குறிக்கிறது. செம்பருத்திக்கு அறிவியல் பெயரில் 'சீன ரோஜா' என்று பொருள் வருகிற மாதிரி வைத்துவிட்டார்கள். அதற்கும் ரோஜாவுக்கும் குடும்ப உறவு கிடையாது. உங்கள் வீட்டுப் பழைய நகைகளில் ரோஸ்கட் வைரம் இருக்கலாம். அடி தட்டையாகவும் மேல் பக்கம் மொட்டைப் போலக் குவிந்தும் பட்டை தீட்டியிருப்பார்கள், பெயர் அந்த வடிவத்தால் வந்தது. ரோஸ் கோல்டு என்று இப்போது பிள்ளைகள் கேட்கிற நகை, செம்பு கூடுதலாகச் சேர்த்த தங்கம். பேத்தி தலைமுடிக்கு ரோஸ்மேரித் தண்ணீர் தெளித்துக்கொள்கிறாளா? அது துளசிக் குடும்பம். லத்தீனில் 'கடல் பனித்துளி' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், ரோஜாவோடு ஒலி மட்டும் ஒத்துப்போயிற்று.

தமிழில் நாம் மட்டும் சளைத்தவர்களா? மணம் இருந்தால் போதும், 'பன்னீர்' என்று சேர்த்துவிடுவோம். பன்னீர்த் திராட்சை என்பது கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கறுப்புத் திராட்சை. பன்னீர்க் கொய்யா என்பது கொய்யாவே இல்லை, நாவல் இனம். கடித்தால் ரோஜா மணம் வரும், அவ்வளவுதான். திருச்செந்தூரில் விபூதி வைத்துத் தருகிற பன்னீர் இலை வேறொரு மரத்தின் இலை. அதன் வெள்ளைப் பூவுக்கும் பன்னீர்ப்பூ என்று பெயர் உண்டு. ஆக, பன்னீர்ப்பூ என்று கேட்டால் ரோஜாவும் கிடைக்கலாம், மர மலரும் கிடைக்கலாம், உங்களுக்குக் கிடைத்தது போலக் கத்தரிக் குடும்பத்துக் காயும் கிடைக்கலாம். மகிழம்பூ முறுக்கில் மகிழம்பூவைத் தேடாதவர்கள் நாம். குழம்புக்குத் தாளிக்கும் அன்னாசிப்பூ அன்னாசியில் பூத்தது இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். மசாலாச் சாமானில் இருக்கிற அந்த எச்சரிக்கை ரோஜா விஷயத்திலும் இருக்கட்டும். பெயர் கடைக்காரருடையது, செடியை நீங்கள்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். உண்மையான ரோஜாவில் ஒரு காம்பில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள் இருக்கும், ஓரம் ரம்பப் பல் வைத்தாற்போல் இருக்கும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் மெல்லிய சிறகு போல ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சிறகை மற்ற போலி ரோஜாக்களில் காண முடியாது. தண்டில் முள்ளும் இருக்கும். பக்கவாட்டில் அழுத்தினால் தோலோடு பெயர்ந்து வந்துவிடும் முள் அது. பூ உதிர்ந்த பிறகு சில செடிகளில் சின்ன ஆப்பிள் போலக் காய் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆப்பிள், பேரிக்காய், பாதாம், ஸ்ட்ராபெர்ரி எல்லாமே ரோஜாக் குடும்பம்தான். பெயரில் ரோஜா இருப்பவை பாதி அந்தக் குடும்பத்தில் இல்லை, குடும்பத்தில் இருக்கும் ஆப்பிளுக்கோ பெயரில் ரோஜா இல்லை.

மிச்சம் இருப்பவை ஒட்டு ரோஜாவும் பன்னீர் ரோஜாவும். இரண்டும் ரோஜாதான். ஆனால் குல்கந்துக்கு ஒன்றுதான் ஆகும்.

சிவப்பு ஒட்டு ரோஜாவை மோந்து பாருங்கள். பெரும்பாலும் பச்சை இலை வாடைதான் இருக்கும். பொக்கே கட்டவும் தூரம் அனுப்பவும் தாங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து உருவாக்கிய வகைகள் இவை. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்வதும் இந்த மாதிரிதான். தடித்த இதழ், நீண்ட காம்பு, நாள் கணக்கில் வாடாத பூ எல்லாம் கிடைத்தன, மணம் போய்விட்டது. இதைப் பூவுக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுச் செடியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழேயிருந்து திமுதிமுவென்று ஒரு கிளை வந்தால் அது அடிச்செடியின் கிளை. உரத்தையெல்லாம் அது தின்றுவிட்டு மேல் செடியைச் சாகடிக்கும். "ஏழு இலை விட்டால் காட்டு ரோஜா, வெட்டு" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி நல்ல கிளைகளை வெட்டியவர்கள் உண்டு. இலையை எண்ணாதீர்கள், கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று மட்டும் பாருங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால் அடியோடு பிய்த்தெடுத்துவிடுங்கள்.

பன்னீர் ரோஜாவில் இந்தத் தொல்லை இல்லை. தண்டை வெட்டி நட்டாலே வேர்பிடிக்கும் செடி அது. நம் பக்கத்தில் பன்னீர் ரோஜா என்று விற்பது பெரும்பாலும் எட்வர்டு ரோஜா என்னும் வகை. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் 1800-களின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட கலப்பினம் அது. ஒரு பக்கம் டமாஸ்க் ரோஜாவின் மணம், மறுபக்கம் சீனாவிலிருந்து வந்த அசல் ரோஜாவின் (செம்பருத்தி அல்ல) விடாமல் பூக்கும் குணம் என்று இரண்டையும் வாங்கிக்கொண்டு பிறந்தது. கன்னோசியிலும் புஷ்கரிலும் பன்னீர் வடிக்கப் பயன்படும் டமாஸ்க் ரோஜா ஆண்டுக்கு ஒரு பருவம் பூத்து ஓய்ந்துவிடும். நம் வெப்பத்தில் அதை வளர்க்க முயல வேண்டாம். எட்வர்டு போதும்.

இப்போது கணக்கு. இரண்டு செடியை நம்பிக் கலியாணக் குல்கந்து போட முடியாது, ஆச்சி. ஒரு பன்னீர் ரோஜாவின் இதழ்களை உதிர்த்தால் சில கிராம்தான் தேறும். அரைக் கிலோ இதழுக்கே நூற்றுக்கணக்கில் பூ வேண்டும். ஆகவே உதிரிப்பூ வாங்கத்தான் வேண்டும். மதுரை மாட்டுத்தாவணியிலும் நிலக்கோட்டையிலும் கூடை கூடையாக வரும். அங்கேதான் நான் உங்களைத் தடுக்கிறேன். சந்தைப் பூ மாலைக்கும் பூஜைக்கும் வளர்த்தது, சாப்பிட வளர்த்ததல்ல. பூச்சிமருந்து அடித்துவிட்டு எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்ற இடைவெளியை மாலைப் பூவுக்குப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஊடுருவிப் பாயும் மருந்தாக இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் எல்லாம் மனத் திருப்திக்குத்தான். மருந்தடிக்காமல் வளர்க்கும் விவசாயி ஒருவரைத் தேடிப் பிடித்து, நேரில் பேசி, அவர் தோட்டத்துப் பூவை வாங்குங்கள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் குல்கந்து ஆசையை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நர்சரியிலிருந்து வந்த உங்கள் செடியிலும் முதல் இரண்டு மூன்று முறை பூப்பதைத் தலையில் வையுங்கள், வாயில் வேண்டாம்.

பூ கிடைத்துவிட்டால், தை வரை காத்திருக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வெயிலுக்கு எங்கே போவீர்கள்? ஆவணிக்குள் போட்டு முடித்துவிடுங்கள். அதிகாலையில் பறித்த பூவாக இருக்க வேண்டும், வெயில் ஏறினால் மணம் போய்விடும். இதழ்களை உதிர்த்து, புழுப் பார்த்து, ஒரு தடவை அலசி, நிழலில் வேட்டித் துணி விரித்து ஈரம் போக உலர்த்துங்கள். மொறுமொறுப்பாகக் காய விடக் கூடாது. எடைக்கு எடை சர்க்கரை போடுவோரும் உண்டு, இரட்டிப்பாகப் போடுவோரும் உண்டு. உங்களுடையது தை வரை கெடாமல் நிற்க வேண்டும். ஆகவே ஒரு பங்கு இதழுக்கு இரண்டு பங்கு கற்கண்டுப் பொடியோ சர்க்கரையோ போடுங்கள். சர்க்கரை குறைந்தால் புளித்துப் பொங்கிவிடும். இதழும் சர்க்கரையும் மாற்றி மாற்றி அடுக்கி, முக்கால் ஜாடிக்கு மேல் நிரப்பாமல் நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் பீங்கான் ஜாடிக்குப் பஞ்சம் இருக்காது. ஆனால் ஊறுகாய் போட்ட ஜாடியை எடுக்காதீர்கள். எத்தனை வருடம் ஆனாலும் அந்த வாடை விடாது. வாயை வெள்ளைத் துணியால் இறுகக் கட்டி முற்றத்து வெயிலில் வையுங்கள். ஆடிக் காற்றின் மிச்சம் ஆவணியிலும் புழுதி கிளப்பும், துணி இரட்டையாக இருக்கட்டும். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஈரமில்லாத மரக்கரண்டியால் கிளறிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இதழ் கருத்துக் குழைந்துவிடும். ஆறிய பிறகு மேலே கொஞ்சம் தேன் விட்டு மூடி எடுத்து வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருக்கிற பண்டம் இது. பந்தியில் ஐயாவின் இலையில் மட்டும் வைக்க வேண்டாம்.

பன்னீரை வீட்டில் வடிக்கலாம், கொஞ்சமாக. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தின் நடுவில் ஒரு தாங்கி வைத்து அதன் மேல் கிண்ணம் ஒன்றை வையுங்கள். சுற்றிலும் இதழ் போட்டு, இதழ் மூழ்கத் தண்ணீர் விட்டு, மூடியைக் கவிழ்த்துப் போட்டு, மூடியின் மேல் ஐஸ் கட்டி வையுங்கள். இளந்தீயில் வைத்தால் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். முதலில் இறங்குவதுதான் மணமாக இருக்கும். பேராசைப்பட்டு நெடுநேரம் காய்ச்சினால் வெந்த வாடை சேர்ந்துவிடும். குளிர்பெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். ஆகவே இதைக் கலியாணத்துக்கு முந்தின வாரம் செய்தால் போதும்.

வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் பிள்ளைகள் ஆயிரம் பேருக்குத் தெளிக்க வேண்டுமே, அதற்கெல்லாம் இது காணாது. மணமக்களுக்கும் சாமிக்கும் வீட்டில் வடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் வாங்கிவிடுங்கள். கடைப் பன்னீர் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3 முதல் 5 டன் பூ தேவைப்படும். அந்த மணத்தின் முக்கியக் கூறுகளில் ஒன்றான ஜெரானியால் என்ற பொருள், எலுமிச்சைப்புல்லின் உறவான பாமரோசா என்னும் புல்லிலும் இருக்கிறது. புல்லிலிருந்து எடுத்தோ, ஆலையில் செய்தோ தண்ணீரில் கலந்துவிடலாம். தெளிப்பதற்கு அது குற்றமில்லை. ஆனால் பூஜைக்கு விற்கும் பாட்டிலைச் சமையலுக்கு எடுத்துவிடக் கூடாது. பாயசத்திலோ ரோஸ் மில்க்கிலோ சேர்ப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் போட்ட பாட்டிலாகப் பாருங்கள். சமையல்காரரிடம் கண்ணைப் பறிக்கிற ரோஸ் நிறப் பொடி எதையும் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். துணிச் சாயமான ரோடமின்-பி பஞ்சுமிட்டாயில் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது.

உங்கள் இரண்டு பன்னீர்ச் செடிகளை வீணாக்க வேண்டாம். கலியாணத்தன்று பேத்தி தலையில் வீட்டுப் பூ இருக்க வேண்டும் என்றால் முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒன்றரை மாதம் முன்னதாகப் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் பூ வரும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், வளவுக்குள் நிழலில் வைத்தால் இலைதான் வரும். நம் சரளைச் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது, அது நல்லதுதான். அதோடு மக்கிய எருவைச் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். அடைமழைக் காலத்தில் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பெட்டகம். பேரன் சொல்வது சரியாக இருக்கலாம். ரோஸ்வுட் என்பது ரோஜாச் செடியின் மரம் அல்ல. ஈட்டி, தோதகத்தி என்று தமிழில் பெயருள்ள மரம் அது, அவரையும் புளியும் சேர்ந்த குடும்பம். புதிதாக அறுக்கும்போது ரோஜா மணம் வீசுவதால் அந்தப் பெயர். பழைய பெட்டகத்தில் அந்த மணம் இருக்காது. உங்களுக்கு வருவது பட்டுச் சேலைகளுக்கு இடையே தலைமுறையாகப் போட்டுவந்த கற்பூர உருண்டையின் வாடையாக இருக்கும். பெட்டகத்தின் அடிப்பலகையை, எண்ணெய் தடவாத இடத்தில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பழுப்பில் கறுப்பு வரி ஓடினால் ஈட்டி. பொன்னிறப் பழுப்பாக இருந்தால் நம் வீட்டுத் தூண்களைப் போல அதுவும் பர்மாத் தேக்குதான். பேரன் அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோக நினைத்தால் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஈட்டி இன மரங்கள் அனைத்தும் 2017 முதல் 'சைட்ஸ்' என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. பழைய பொருள்தானே என்று கப்பலில் ஏற்றிவிட முடியாது. என்னென்ன சான்று தேவை என்று முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு வரட்டும். பெட்டகத்தின் பழைய புகைப்படமோ சீதனப் பட்டியலோ வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துக் கொடுத்தனுப்புங்கள்.